சேவலின் இன்னொரு கால்

டான் ஏன் அந்தத் தூணுக்கு அப்பால் போய் நிற்கிறார்? அது அவர் இடம் இல்லையே. என் முதுகுக்குப் பின்னால்தான் அவர் இடம். வருஷக்கணக்காக அங்கேதான் நிற்கிறார், அவர் முழங்காலில் தேய்த்துக்கொண்டு வரும் தைலத்தின் நெடி பின்னாலிருந்து வந்தால்தான் எனக்குக் காலை விடிந்த மாதிரி. இன்றைக்கு மழை. மழையென்றால் திடலில் தாய்ச்சிப் பயிற்சி செய்ய முடியாது, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுவோம், இங்கே தூண்களுக்கு நடுவில் வரிசை கொஞ்சம் கோணலாகத்தான் அமையும். ஆனால் கோணல் வரிசையிலும் டான் எனக்குப் பின்னால்தான் நிற்பார். கூப்பிட்டுக் கேட்கலாமா? வேண்டாம், லாவ்ஷி பாட்டுப் பெட்டியைத் தட்டத் தொடங்கிவிட்டார், பாட்டு வந்துவிட்டால் வாய் திறக்கக் கூடாது. லாவ்ஷி என்றால் சீனத்தில் ஆசிரியர். எங்கள் ஆசிரியர் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மேடம் சியூ. என்னைவிட மூத்தவர், நான் தூக்குவதைவிட இருமடங்கு உயரம் காலைத் தூக்குவார், அவருக்கும் எனக்கும் பொதுவான பாஷை சந்தை மலாய்தான், அதிலும் அவர் என்னிடம் சொல்வதெல்லாம் ஒரே வார்த்தை, “பெலான் பெலான் லா, மிஸ்டர் கண்ணு.” மெதுவாக, மெதுவாக. என் முழுப் பெயர் வைரக்கண்ணு, அது அவர் வாயில் நுழையவில்லை. என் மனைவி பவளக்கொடி அவருக்கு மேடம் பவா. வைரக்கண்ணு பவளக்கொடி என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தபோது, நகைக்கடை திறப்பு விழாவா என்று துறைமுகத்தில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. பவளம் எனக்கு முன்னால் நிற்கிறாள். நீலச் சட்டை, தூக்கிக் கட்டிய கொண்டை, கழுத்தில் அந்த மச்சம், வெள்ளைக் கான்வாஸ் ஷூ. ஈரத் தரையில் அந்த ஷூ கிறீச்சிடும். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, டானைத் தவிர. போகட்டும். எனக்கு இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது. பாட்டு முடிந்ததும் லாவ்ஷியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். இனிமேல் பவளத்தை மூலையில் நிறுத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கைகள் மேலே வருகின்றன. பவளத்தின் கை எழுந்தால் என் கை எழும். தண்ணீருக்குள்ளிருந்து தூக்குவது போலத் தூக்க வேண்டும் என்பார் லாவ்ஷி. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பெயர் உண்டு, முதலில் குதிரையின் பிடரியைக் கோதுவது, இடது பக்கம், வலது பக்கம், மறுபடியும் இடது. மூலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். எங்கள் கூட்டத்தில் அது பெரிய விஷயம். பாதி வழியில் எல்லாரும் ஒரு திரும்பு திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்துச் செய்ய வேண்டும், அப்போது முன்னால் இருந்தவர் பின்னால் போய்விடுவார், பின்னால் இருந்தவர் முன்னால் வந்துவிடுவார். அதனால் நன்றாகத் தெரிந்தவர்களாகப் பார்த்து நான்கு மூலையிலும் நிறுத்திவிடுவது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியாதவனுக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். இன்னொன்று, மூலையில் நிற்பவர் தப்பாகச் செய்தாலும் பின்னால் இருப்பவர்கள் அதையேதான் செய்ய வேண்டும். நடுவில் ஆளாளுக்குத் திருத்தினால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்போம். பவளம் முன்மூலை, டான் பின்மூலை, நடுவில் நான். நிம்மதியான வாழ்க்கை. திரும்புவதற்கு முன் பவளத்தைப் பார்ப்பேன், திரும்பிய பிறகு டானைப் பார்ப்பேன். இத்தனை வருஷம் வந்தும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பாள் பவளம். உண்மைதான். எனக்குத் தாய்ச்சி தெரியாது, பவளத்தின் முதுகு தெரியும். என் தொழில் புத்தி அப்படி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கீழே ஒருவன் நின்று கை காட்டுவான். அவன் கை மேலே போனால் தூக்கு, கீழே வந்தால் இறக்கு, மடக்கினால் நிறுத்து. அவன் கையை நம்பித்தான் அத்தனை பாரத்தையும் இறக்கினேன், ஒரு பெட்டிகூட இடித்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கை காட்டும் பொறுப்பைப் பவளம் எடுத்துக்கொண்டாள். காலையில் எழுப்பி, சட்டையைக் கையில் கொடுத்து, “உடம்புக்கு நல்லது, வாங்க” என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். வெள்ளைக் கொக்கு சிறகை விரிக்கிறது. அவள் வலது கை உயர்கிறது, விரல் நுனிகூட ஆடவில்லை. அழகாகத்தான் செய்கிறாள். யார் சொல்வார்கள், இவளுக்கு ஒன்று என்று.

மேகலாதான் ஆரம்பித்தாள். எங்கள் மகள், புங்கோலில் இருக்கிறாள், அவளுக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. “அப்பா, அம்மா பின்னாடி வர்றவங்க எல்லாம் வயசானவங்க. அம்மா தப்பா கூட்டிட்டுப் போயி யாராவது விழுந்துட்டா, அப்புறம் அம்மாவைத்தான் சொல்வாங்க. நீங்களே லாவ்ஷிகிட்ட நைசா சொல்லிடுங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம்.” நைசாக எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த மலாயில் நைசுக்கு இடமில்லை. அவளுக்குத் தலையில் கோளாறு என்றுதான் வரும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. குரங்கை விரட்டுவது வந்துவிட்டது. இதில் பின்னால் நடக்க வேண்டும், பின்னால் வரும் டானை இடித்துவிடுவேனோ என்று எப்போதும் ஒரு பயம். இன்றைக்கு இடிக்க ஆளில்லை. குரங்கு. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண் டாக்டர், பவளத்தைப் பார்த்து, “ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம், பறவை எல்லாத்தோட பேரையும் சொல்லுங்க பார்ப்போம்” என்றாள். நேரம் பார்க்கிற பரீட்சை அது. பவளம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, குதிரை என்றாள். கொக்கு என்றாள். குரங்கு, குருவி, பாம்பு, சேவல். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை, மேகலாவின் கையைத் தட்டினேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அவள் தாய்ச்சி வரிசையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குதிரையின் பிடரி, வெள்ளைக் கொக்கு, விரட்ட வேண்டிய குரங்கு, வால் பிடிக்க வேண்டிய குருவி, தவழும் பாம்பு, ஒற்றைக்கால் சேவல். சேவலுக்குப் பிறகு தாய்ச்சியில் மிருகம் கிடையாது. பவளத்துக்கும் கிடைக்கவில்லை. நாய் வரவில்லை. பூனை வரவில்லை. இந்த ஊர் பெயரிலேயே ஒரு சிங்கம் இருக்கிறது, அதுகூட வரவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் பட்டாம்பூச்சிப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாய்க்குள்ளேயே நாய் நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லிக் கொடுக்க முடிந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன், பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிற மாதிரி. அவள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துவிட்டு, “அவ்வளவுதான் டாக்டர், முடிஞ்சிடுச்சு” என்றாள். அடுத்த அறையில் இரத்த அழுத்தம் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் எங்களிடம் சொன்னாள், இது ஆரம்பம்தான், மருந்து இருக்கிறது, மெதுவாகத்தான் போகும். மெதுவாக, மெதுவாக. அந்த வார்த்தையை நல்ல வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பவளம் கேட்டாள், “என்ன சொன்னாங்க?” மேகலா சொன்னாள், “வயசானா வர்ற மறதிதான்மா, ஒண்ணுமில்ல.” பவளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குருவியின் வாலைப் பிடி, இடது பக்கம். வலது பக்கம். தள்ளு, இழு, தள்ளு. மழை சாய்ந்து அடிக்கிறது, நடைபாதை ஓரத்தில் தண்ணீர் வழிகிறது, யாரோ மூங்கில் கழியில் காயப்போட்ட துணியை எடுக்க மறந்துவிட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்று யாரைப் பற்றியும் இப்போது சாதாரணமாக நினைக்க முடிவதில்லை. எல்லாரும்தான் மறக்கிறார்கள், நான் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறேன். அது வேறு, இது வேறு. அன்றைக்கு மின்தூக்கியில் பவளம் பழைய வீட்டு மாடியின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பழைய புளோக்கை இடித்தே பல வருஷம் ஆகிவிட்டது. இந்தப் புளோக்கில் அந்த மாடியில் இறங்கி, நேராக ஒரு வீட்டு வாசலுக்குப் போய், சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். நான் சிரித்துச் சமாளித்தேன், பவளமும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். இதோ மேகக் கை வருகிறது. இதுதான் எனக்குப் பயம். மேகக் கை என்றால் இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் மேகம் போல மாறி மாறி மிதக்க வேண்டும், கால் பக்கவாட்டில் நகர வேண்டும், சில தடவை செய்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். போன வாரம் பவளம் நிறுத்தவில்லை. திடலில் நடந்தது அது. மிதந்துகொண்டே போனாள். நான் பின்னால் போனேன், எனக்குப் பின்னால் டான் போனார், டானுக்குப் பக்கத்து வரிசை போனது, மூலையில் நிற்பவர் நிறுத்தும் வரை யாரும் நிறுத்தக் கூடாதல்லவா, திடல் முடிந்து, புல் முடிந்து, வடிகால் கட்டை காலில் இடிக்கும் வரை அத்தனை கிழவர்களும் கிழவிகளும் மிதந்துகொண்டே போனோம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மேடம் பவா நம்மளை மலேசியாவுக்கே கூட்டிட்டுப் போறாங்க” என்றார் டான். பவளமும் சிரித்தாள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன், எங்கே இருக்கிறோம் என்று தேடுகிற கண். அதைப் போய் மேகலாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நிறுத்து பவளம். இப்போது நிறுத்து. போன வாரம் இந்த இடத்தைத் தாண்டித்தான் போய்விட்டாய். நிறுத்துகிறாள். நிறுத்திவிட்டாள்! கை சாட்டை போல ஒரு பக்கம் நீள்கிறது, சரியான இடம், சரியான நேரம். எனக்குத் தெரியாது, ஆனால் தூணுக்கு அப்பால் தெரியும் கைகளும் அப்படித்தான் நீண்டிருக்கின்றன, ஆகவே சரி. பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறாள். இவளைப் போய் மூலையை விட்டு இறக்கு என்று நான் சொல்ல வேண்டுமாம். ஜூரோங்கில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்துக் குறை பார்க்கும் வேலையில் இருந்தவள். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், குறை பார்ப்பதிலிருந்து ஓய்வு பெறவில்லை. என் சட்டைப் பொத்தான், என் ரசம், நான் தேங்காய் வாங்குகிற லட்சணம், எதையும் அவள் விட்டதில்லை. அவளிடம் குறை இருக்கிறது என்று நான் போய்ச் சொல்வதா? முடியாது. நாளைக்குச் சொல்லலாம். இல்லை, இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், மேகலா மத்தியானம் போன் செய்து கேட்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது. லாவ்ஷியிடம் சொல்வதற்கு அல்ல. இவள் மூலையை விட்டு வந்துவிட்டால் எனக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்று பயமாக இருக்கிறது. வெட்கம் கெட்ட பயம்தான், ஆனால் அதுதான் நிஜம்.

வலது காலால் உதை. இரண்டு முஷ்டிகளும் காதுக்கு நேரே. அடுத்து என்ன? திரும்புவது. திரும்ப வேண்டும். திரும்பினால் டான். டான்தான் இல்லையே! எனக்குப் பின்னால் யாரும் இல்லை, திரும்பினால் எனக்கு முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள், நான்தான் முன்னால். பக்கத்து வரிசையைப் பார்க்கலாம் என்றால் இந்தப் பாழாய்ப்போன தூண் மறைக்கிறது, இவ்வளவு தடித்த தூணை எதற்குக் கட்டினார்களோ, இருபது மாடியைத் தாங்கத்தான், இருந்தாலும். பவளம் திரும்புகிறாள். அவள் முகம் ஒரு கணம் என் பக்கம் வருகிறது, அமைதியாக இருக்கிறது, நானும் திரும்பிவிட்டேன். முன்னால் வெறும் சுவர். சுவரில் சைக்கிள் ஓட்டாதீர்கள் என்று ஒரு பலகை. அதைப் பார்த்து என்னத்தைச் செய்வது? இப்போது பவளம் எனக்குப் பின்னால் இருக்கிறாள். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கூண்டிலிருந்து இறங்கி வந்து கீழே நின்று கை காட்டச் சொல்லிவிட்டார்கள். இடது காலால் உதை, அது தெரியும், உதைத்துவிட்டேன், கொஞ்சம் தள்ளாடினாலும் உதை உதைதான். அப்புறம்? அப்புறம் கீழே போக வேண்டும். எதற்கு? பாம்பு. அவள் டாக்டரிடம் சொன்னாளே, குதிரை, கொக்கு, குரங்கு, குருவி, பாம்பு, சேவல். பாம்பு தவழ்கிறது. முழங்கால் கெஞ்சுகிறது, இடது காலை நீட்டி முடிந்த வரை கீழே போகிறேன், டான் முதுகு இப்படித்தான் இறங்கும், கை இப்படித்தான் காலை ஒட்டிப் போகும். என் உடம்புக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் சொல்லவில்லை. கிறீச். பின்னால் அவள் ஷூ. வருகிறாள். தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் விழுந்துவிடுவேன். பவளம், இருக்கிறாயா? கிறீச். இருக்கிறாள். சேவல். எழுந்து வலது முழங்காலை மேலே கொண்டு வா, வலது கை கூடவே வரட்டும், இடது காலில் நில். நிற்கிறேன். இப்போது சத்தமே இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது ஷூ சத்தம் போடாது, தெரியும். இருந்தாலும் காதை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் நிற்கிறாளா? கை தொங்கிப்போய், போன வாரத்துக் கண்ணோடு, அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாதிரி நிற்கிறாளா? இல்லை மழைக்குள்ளே நடந்து போய்விட்டாளா? டாக்டர் சொன்னபோது உறைக்கவில்லை எனக்கு, இந்தச் சத்தம் இல்லாமல் போகும்போதுதான் உறைக்கிறது. ஒரு நாள் இப்படித்தான் நான் முன்னால் நின்றுகொண்டிருப்பேன், பின்னால் சத்தம் இருக்காது. கால் நடுங்குகிறது. இறக்குகிறேன். கிறீச். அவள் காலும் இறங்குகிறது. என்னோடு, அதே நேரத்தில். பாரம் ஆடாமல் அசையாமல் தரையைத் தொட்டது போலிருக்கிறது. கூண்டுக்குள் இருந்தால் கத்தியிருப்பேன். சந்தோஷத்தில் கை தானாகவே அடுத்ததற்குப் போகிறது, தறியில் நாடா ஓட்டுவது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கிறீச், கிறீச். குனிந்து கடலடியிலிருந்து ஊசியை எடு. விசிறியை விரி. அவ்வளவுதான், மறுபடி திரும்பு.

திரும்புகிறேன். பவளம் மறுபடி எனக்கு முன்னால் வந்துவிட்டாள், கொண்டை, மச்சம், நீலச் சட்டை, முஷ்டியை முன்னால் நீட்டுகிறாள், நானும் நீட்டுகிறேன். அவளுக்கும் அப்பால் லாவ்ஷியின் முகம் தெரிகிறது. லாவ்ஷியின் முகம் எதற்குத் தெரிய வேண்டும்? அவரும் திரும்பியிருந்தால் முதுகுதானே தெரிய வேண்டும். அவர் இன்னும் திரும்பவில்லை. நாடா ஓட்டிக்கொண்டிருக்கிறார், எங்களைப் பார்த்துக்கொண்டு. தூணைத் தாண்டி எட்டிப் பார்க்கிறேன், யாருமே திரும்பவில்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு பக்கம், கூட்டம் முழுக்க இன்னொரு பக்கம். எங்கேயோ எதையோ விட்டுவிட்டேன். பவளம் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, மெதுவாகக் கையை இழுத்து, தள்ளி, இரண்டு மணிக்கட்டையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்து, தொடைப் பக்கம் இறக்கி முடிக்கிறாள். நானும் முடிக்கிறேன். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாரும் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். பரீட்சை மண்டபத்திலிருந்து முதலில் எழுந்து வந்த மக்குப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறோம்.

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். பாட்டு முடிவதற்குள் பவளம் பேசி நான் பார்த்ததே இல்லை.

“சேவல்ல இன்னொரு காலை முழுங்கிட்டீங்க.”

“எந்தக் காலை?”

“வலது காலைத் தூக்குனீங்க. அப்புறம் இடது காலைத் தூக்கணுமில்ல? நொண்டிச் சேவலா அது?”

“உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியாம என்ன?”

“தெரிஞ்சும் ஏன் என் பின்னாடியே வந்தே? நீ பாட்டுக்குச் சரியா செஞ்சிருக்கலாமில்ல.”

“முன்னால நிக்கிறவங்க என்ன செய்றாங்களோ அதைத்தான் செய்யணும். இங்க அதுதானே வழக்கம்?”

பாட்டு நின்றது. எல்லாரும் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுக் குடையைத் தேடப் போனார்கள். டான் தூணைச் சுற்றிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். “மிஸ்டர் கண்ணு, முன்னால நின்னீங்களே, எப்படி இருந்துச்சு?” என்றார் மலாயில். ஏன் என்னை அம்போ என்று விட்டுவிட்டுப் போனீர் என்று கேட்டேன். அவர் தாடையால் பவளத்தைக் காட்டினார். “பாஸ் சொன்னாங்க, போனேன். எனக்கென்ன தெரியும்?” போய்விட்டார், தைல வாசனை மட்டும் நின்றது.

லாவ்ஷி பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். போய்விடுவார். இப்போது விட்டால் நாளைக்குத்தான். நான் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

“லாவ்ஷிகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள் பவளம். “நான் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னே?”

“எனக்கு மறதி வருது, இனிமே மூலையில நிக்க மாட்டேன், பின்னால வர்றவங்களுக்கு ஆபத்துன்னு. போன வாரம் வடிகால் வரைக்கும் போனமே, அன்னைக்கு சாயங்காலமே மூணாம் மாடிக்குப் போய்ச் சொல்லிட்டேன். சரி, யாரு பின்னாடி நிக்கப் போறீங்கன்னு கேட்டாங்க. டான் பின்னாடி எல்லாம் என்னால நிக்க முடியாது, தைல நாத்தம். உங்க பின்னாடின்னேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதேன்னு லாவ்ஷிக்கு ஒரே சிரிப்பு. அதான் இன்னைக்கு டானை நகரச் சொல்லிப் பார்த்தோம்.”

எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். “டாக்டர் சொன்னது…”

“நீங்களும் மேகலாவும் அடுப்படியில குசுகுசுன்னு பேசினா எனக்குக் கேக்காதா? ஞாபகம்தாங்க போகுது. காது நல்லாத்தான் இருக்கு.”

மழை விட்டிருந்தது. மேலேயிருந்து யாரோ அந்தத் துணியை இப்போதுதான் உள்ளே இழுத்தார்கள், ஈரம் சொட்டியது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன், “உனக்குப் பயமா இல்லையா?”

“இருக்கு” என்றாள். கொண்டை ஊசியைச் சரியாகக் குத்திக்கொண்டாள். “அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு நீங்க தப்பா செஞ்சது எனக்குத் தெரியுது. ஒரு நாள் தெரியாது. அன்னைக்கும் நான் உங்களைப் பார்த்துத்தான் செய்வேன். அதுக்குள்ள சரியா கத்துக்குங்க.”

மேகலா போன் செய்தால் அம்மா சொல்லிவிட்டாள் என்று சொல்லலாம். லாவ்ஷி எங்களைத் தாண்டி மின்தூக்கிக்குப் போகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார், பெலான் பெலான் என்றுகூடச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. கோப்பி குடிக்கப் போகலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். பவளம் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து போய் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கிறீச். முன்னால் அதே சுவர், அதே சைக்கிள் பலகை.

“சேவல்” என்றாள். “இடது கால்.”

வலது காலில் நின்று இடது முழங்காலைத் தூக்கினேன். கை கூடவே வந்தது. பின்னால் சத்தம் இல்லை.

“இன்னும் கொஞ்சம் மேல” என்றாள்.